பிக்கப் வண்டியின் ஃபைபர் கூண்டில் பெயிண்ட் உரிவது குறித்து

வணக்கம் ஐயா. நாகப்பட்டினத்தில் உங்கள் பழைய பிக்கப் வண்டியின் ஃபைபர் கூண்டுக்குச் சென்ற கார்த்திகையில் அடித்த பெயிண்ட் ஆறே மாதத்தில் ஏடு ஏடாக உரிகிறது என்றும், சன்னல் மூலைகளில் விரிசல் விட்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உரிந்த இடத்தில் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரைத் தொட்டதுபோல் வெள்ளைத் தூள் ஒட்டினால், வெயிலில் நைந்துபோன ஜெல்கோட்டின் (ஃபைபரின் பளபளப்பான மேல்பூச்சு) மீதே அடித்திருக்கிறார்கள் என்று பொருள். தூளின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டும் நிற்காது.

சன்னல் ரப்பர்களைக் கழற்றி, கடற்காற்றின் உப்பு போகச் சோப்புநீரால் கழுவி, மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் துடைத்த பிறகே உப்புத்தாளை எடுங்கள். துடைக்காமல் தேய்த்தால் அந்தப் பசை கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

விரிசலைப் பட்டி வைத்து மட்டும் மூடாதீர்கள், வண்டி குலுங்கக் குலுங்க அது மறுபடி திறக்கும். விரிசலின் முனையில் சிறு துளையிட்டு அது நீளாமல் நிறுத்தி, வாயை 'வி' வடிவில் அகலப்படுத்தி, உட்பக்கத்தில் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்த ஃபைபர் மேட்டை (கண்ணாடி இழை விரிப்பு) இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். பெயிண்டுக்கு அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் இதற்குப் பிறகுதான், ஏனெனில் எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது.

பிரைமரை 400 எண் தாளால் தேய்த்து, ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் இருகலவை பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டை மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மட்டும் வேண்டாம். இந்தப் பெயிண்டின் ஹார்டனர் நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டை போதாது, வடிகட்டி பொருத்திய முகமூடி கட்டாயம் அணியுங்கள்.