ஆறு பேரை வட்டமா உட்கார வச்சா அது குரூப் ஒர்க் ஆயிடாது டீச்சர்

கேள்வி: நான் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளியில ரெண்டாம் வகுப்பு டீச்சர். கிளாஸ்ல 32 பிள்ளைங்க. ஆறு ஆறு பேரா உட்கார வச்சு செயல்பாடு கொடுத்தா ஒரே இரைச்சல், ஒருத்தனே எல்லாத்தையும் முடிச்சுடறான், மத்தவங்க வேடிக்கை பாக்குறாங்க. சீனியர் டீச்சர்ஸ் எல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு இது சரிப்படாது, போர்டுல எழுதிப் போட்டு சொல்ல வைங்கன்னு சொல்றாங்க. விட்டுடலாமா?

பதில்: குரூப் ஒர்க்கை விட்டுடாதீங்க டீச்சர், அந்த ஆறு பேர் கணக்கை மட்டும் இன்னைக்கே விட்டுடுங்க. ஏழு வயசுப் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையோட சேர்ந்து ஒரு வேலையை முடிக்கிறதே பெரிய விஷயம், அஞ்சு பேரோட எப்படி முடியும்? ரெண்டு ரெண்டு பேரா ஆரம்பிங்க. பெஞ்சை நகர்த்த வேணாம், பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்களோடயே.

உங்க சீனியர்ஸ் சோம்பேறித்தனத்துல சொல்லல. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல தொடங்கி 2007-08ல மாநிலம் பூரா செயல்வழிக் கற்றல் வந்தப்போ பாயில உட்கார்ந்து அட்டையை வச்சுக்கிட்டு குழு குழுவா நடத்தினவங்க அவங்க, அது போய் வேற வந்துச்சு, அப்புறம் 2022ல வாசிப்பும் கணக்கும் அடிப்படையா கத்துக்கொடுக்கிற எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் பழசை மறந்துட்டு புதுசா ஆரம்பின்னு சொன்னா யாருக்குத்தான் அலுக்காது? ஆனா அவங்க எடுத்த முடிவு தப்பு. பிள்ளைங்களால முடியாதது இல்ல, நாம கொடுக்கிற வேலை ஒரு ஆள் முடிக்கிற வேலையா இருக்கு.

ஒரு உதாரணம் சொல்றேன். பத்து, ஒன்று நடத்துறீங்கன்னு வைங்க. விளக்கமாத்து ஈர்க்குச்சியை ஒடிச்சு ஜோடிக்கு 50 குச்சி, கொஞ்சம் ரப்பர் பேண்டு, ஒரே ஒரு சிலேட்டு. ஒருத்தி கை குச்சியை மட்டும்தான் தொடணும், இன்னொருத்தி கை சாக்பீஸை மட்டும். நீங்க முப்பத்தி நாலுன்னு சொன்னா அவ மூணு கட்டு, நாலு தனிக்குச்சி வைக்கணும், இவ எழுதணும். இவ 43னு எழுதிட்டா அவ சும்மா இருப்பாளா? 'ஏய், கட்டு மூணுதான்டி இருக்கு, நீ நாலை முன்னாடி போட்டிருக்க'ன்னு சண்டைக்கு வருவா. அந்தச் சண்டைதான் பாடம். அஞ்சு எண் முடிஞ்சதும் குச்சியையும் சாக்பீஸையும் கைமாத்தச் சொல்லுங்க. மொத்தம் 10 நிமிஷம் போதும், அதுக்கு மேல கட்டாயம் இரைச்சல்தான். ஆனா முதல்ல நீங்க போர்டுல நடத்தியிருக்கணும், தெரியாத பாடத்தை பிள்ளைங்க தலையில போட்டுட்டு கண்டுபிடிங்கன்னு விடக்கூடாது.

குரூப் லீடர் மட்டும் வேணவே வேணாம். லீடர்னு ஒருத்தனை வச்சா ரெண்டாவது நாளே கையில ஸ்கேலை வச்சுக்கிட்டு, பேசினவங்க பேரை போர்டுல எழுத ஆரம்பிச்சுடுவான். பேசுறதுக்குத்தானே குரூப்பே போட்டோம்?

இன்னொண்ணு, குழு செயல்பாட்டு கிட்டுனு லேமினேட் பண்ணின அட்டையும் கலர் பிளாஸ்டிக்கும் ஒரு பெட்டியில போட்டு பள்ளிக்கூடத்துக்கே கொண்டு வந்து விக்கிறாங்க. கூடவே ஒரு நாள் ஆன்லைன் பயிற்சி, சர்டிபிகேட் வேற. நான் பயிற்சி கொடுக்கப் போன ஒரு பள்ளியில அப்படி வாங்கின பெட்டி, தொலைஞ்சா யார் பதில் சொல்றதுன்னு பீரோவுக்குள்ளயே பூட்டியிருந்துச்சு. பிள்ளை கை படாத பொருளுக்கு உங்க சம்பளத்துல காசு போடாதீங்க. புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, பழைய நாள்காட்டித் தாள் போதும், அந்த சர்டிபிகேட்டை வச்சு உங்களுக்கு எந்த இன்கிரிமெண்ட்டும் வரப்போறதில்ல.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வர்ற அதிகாரிங்களைப் பத்தியும் சொல்லிடறேன், எனக்கு ஆத்திரமே வரும். கால் மணி நேரம் நின்னு, வட்டமா உட்கார்ந்திருக்காங்களான்னு மட்டும் பாத்து டிக் போட்டு, போட்டோ கேப்பாங்க. வட்டமா உட்கார்ந்து ஆளாளுக்கு தன் நோட்டுல காப்பி அடிச்சா அது குழுவா? கல்வி உரிமைச் சட்டத்துலயே 60 பிள்ளைங்க வரைக்கும் 2 டீச்சர்தான், அஞ்சு வகுப்பையும் அந்த ரெண்டு பேர் இழுக்கணும், அதுக்கு நடுவுல போட்டோவும் ஏத்தணும்னா பாடம் எப்ப நடத்துறது?

எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைங்களை நிலைவாரியா பிரிக்கிற அரும்பு, மொட்டு, மலர் பிரிவு வாசிப்புக்கும் கணக்குக்கும் நல்லதுதான், அந்த நேரத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க. நாள் பூரா அப்படியே உட்கார வச்சா 'நான் அரும்பு மிஸ்'னு பிள்ளை அதையே தன் பேரா சொல்ல ஆரம்பிச்சிடும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் கவனமா பாருங்க. வீட்டுல தமிழ் பேசாத பிள்ளை. திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைங்க நிறைய பள்ளியில இருக்காங்க, செங்கல் சூளைப் பக்கமும் அப்படித்தான், உங்க கிளாஸ்லயும் ஒண்ணு ரெண்டு இருக்கலாம். அந்தப் பிள்ளையை நல்லா படிக்கிற பிள்ளையோட ஜோடி போடாதீங்க, அது எல்லாத்தையும் தானே முடிச்சுட்டு இதை ஊமையா உட்கார வச்சிடும். வாயாடியோட போடுங்க. குச்சி வேலையை முதல் ஒரு மாசம் இதுக்கே கொடுங்க, மத்த ஜோடி மாறினாலும் இந்த ஜோடியை மாத்தாதீங்க. கை வேலை செய்யும்போது காதுல மூணு கட்டு, நாலு குச்சின்னு விழுந்துக்கிட்டே இருக்கும். எழுந்து நின்னு பதில் சொல்லுன்னு மட்டும் கேட்டுடாதீங்க, ஒரு தடவை கிளாஸ் சிரிச்சுட்டா அப்புறம் மாசக்கணக்குல வாய் திறக்காது. அது பேசலைன்னா புரியலைன்னு அர்த்தம் இல்ல, 34க்கு சரியா கட்டு வைக்குதான்னு பாருங்க, வச்சுட்டா கணக்கு வந்துடுச்சு, தமிழ்தான் பாக்கி.

ரெண்டு வாரம் கணக்கு பீரியட்ல மட்டும் இதைச் செய்யுங்க, மத்ததெல்லாம் எப்பவும் போல நடத்துங்க. அப்புறம் மூணு பேரா போடலாம். மூணாம் வகுப்பு முடியற வரைக்கும் நாலு பேரைத் தாண்டாதீங்க, யார் வந்து கேட்டாலும்.