தர்கா சுவருக்குச் சிமென்ட் பூசலாமா?

கேள்வி: நாகைப் பக்கம் எங்கள் ஊர் தர்கா மிகப் பழையது. சுவரில் காரை உதிர்கிறது. அடக்கத்தலம் இருக்கும் ரவ்ளாவுக்குள் விளக்குப் புகை படிந்து கறுத்துவிட்டது. சிமென்ட் பூசி, ஆளுயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி, ஆண்டு விழாவான கந்தூரிக்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரி சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். பழைய தர்கா என்றால் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியே உலர்ந்துவிடும். கடலோர ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் வரும். சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி அந்த வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு உள்ளேயே தங்கிச் செங்கல்லை மாவாக்கும். முன்னால் பளபளப்பு, பின்னால் சுவர் இருக்காது. டெல்லி ஹுமாயூன் கல்லறையின் கூரையிலிருந்து மட்டும், முன்பு பழுதுபார்த்தபோது போட்ட சுமார் 10 லட்சம் கிலோ சிமென்ட் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது.

புகைக்கறையை மென்மையான தூரிகை, உலர்ந்த துணி கொண்டு எடுங்கள். ஆசிட் ஊற்றினால் சுண்ணாம்பையே தின்றுவிடும். எண்ணெய் விளக்குகளை வெளியே கொண்டுவந்து, அடியில் தட்டு வையுங்கள்.

"சுண்ணாம்பு வேலைதான் சார்" என்று சொல்லிக்கொண்டு சிமென்ட்டில் ஒரு பை சுண்ணாம்பைக் கலப்பவர்கள் நிறைய. சுண்ணாம்பை எங்கே நீற்றினீர்கள், எத்தனை வாரம் ஊறியது, கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். காலையில் கலந்து மாலையில் பூசலாம் என்றால் அனுப்பிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. ஏற்கெனவே சிமென்ட் பூசிய பகுதி இருந்தால் மொத்தமாக உடைக்காதீர்கள். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வரும் இடத்தை மட்டும் சிற்றுளியால் எடுங்கள். கெட்டியாகப் பிடித்திருப்பதைப் பெயர்த்தால் செங்கல்லும் கூடவே வந்துவிடும். அது தானாக விடும்வரை இருக்கட்டும்.

பழுதுபார்க்க மானியம் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்கும் இடைத்தரகரை வாசலோடு நிறுத்துங்கள். விண்ணப்பத்தை ஜமாஅத்தே நேரில் கொடுக்கலாம். மதிப்பீடு போட வருபவருக்குச் சுண்ணாம்பே தெரியாது, சிமென்ட் என்று எழுதினால்தான் கோப்பு நகரும் என்ற நிலையைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதற்காக நீங்களும் சிமென்ட் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். தர்காவை நிர்வகிக்கும் முத்தவல்லி யாரையும் கேட்காமல் வேலையைக் கொடுத்துவிட்டால், 1995 வக்ஃபு சட்டம் 70ஆம் பிரிவின்படி பிரமாணப் பத்திரத்தோடு வக்ஃபு வாரியத்திடம் விசாரணை கோரலாம்.

கந்தூரி பிறைக் கணக்கில் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். அதன் அவசரத்துக்குச் சுண்ணாம்பு இறுகாது. இந்தக் கந்தூரிக்கு வெறும் வெள்ளை அடியுங்கள், கூரைத் தூம்பில் புறா எச்சத்தையும் அரசங்கன்றையும் அகற்றுங்கள். பூச்சு வேலையைத் தை பிறந்ததும் தொடங்கலாம்.