படத்தில் பார்த்த உடுப்பு எனக்கு ஏன் பொருந்தவில்லை?

கேள்வி: கோண்டாவிலைச் சேர்ந்த, வங்கியில் வேலை செய்யும் 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். படமோ தொலைக்காட்சித் தொடரோ பார்க்கும்போது பிடித்த உடுப்புகளைப் போனில் படம்பிடித்துச் சேர்த்து வைக்கிறாராம், நானூறு தாண்டிவிட்டது. அவற்றைப் பார்த்து இரண்டு தடவை முயன்றிருக்கிறார். முதல் தடவை, ஒரு கதாநாயகி கட்டிய சாறியை "அதே சாறி" என்று போட்டிருந்த முகநூல் பக்கத்துக்கு 18,500 ரூபாவை முழுதாக அனுப்பினார். வந்தது வேறு துணி, வேறு நிறம். அடுத்த தடவை நல்ல துணி வாங்கித் தைப்பித்தார். போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா, "நாடகத்துக்கோ போறாய்?" என்று கேட்டுவிட்டார். ஆவணியில் தம்பியின் கலியாணம். "படங்களைப் பார்த்து எனக்கென்று ஒரு பாணியை உருவாக்க முடியுமா, இல்லை இந்தப் பழக்கத்தையே விட்டுவிடவா?" என்பது அவருடைய கேள்வி. பிடித்த உடுப்புகளில் பன்னிரண்டு படங்களையும் கூடவே அனுப்பியிருக்கிறார்.

பதில்: தங்கச்சி, பழக்கத்தை விடவேண்டாம். நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு படங்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் சட்டைக்கை முழங்கைக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி முடிகிறது. எட்டில் கழுத்து அகலமாக, ஆழமில்லாமல் இருக்கிறது. நிறங்களெல்லாம் மண், மாதுளைத் தோல், பாசிப்பச்சை, மங்கல் நீலம். இந்தப் பன்னிரண்டும் வேறு வேறு நடிகைகள், வேறு வேறு கதைகள். ஆனால் உங்கள் கண் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் போய் நின்றிருக்கிறது. அதுதான் உங்கள் பாணி, அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அப்புறம் நீங்கள் தைப்பித்தது என்ன? கையில்லாத, பின்கழுத்து ஆழமான, மடிப்பு வைத்த ஒர்கன்சா சட்டை, அதாவது மெல்லிசான ஆனால் விறைப்பான துணியில் தைத்தது. பன்னிரண்டில் ஒரேயொரு படத்தில் இருந்தது. அந்தக் காட்சி பிடித்திருக்கும், பாட்டு பிடித்திருக்கும். அம்மா கேட்டதில் பிழையில்லை.

நான் இருபத்திரண்டு வருடமாக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தைக்கிறேன். இடையிடையே மேடை நாடகங்களுக்கும் நம் பெடியள் எடுத்த சில குறும்படங்களுக்கும் உடுப்பு செய்து கொடுத்திருக்கிறேன். அதனால் திரையில் தெரிவதற்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல முடியும். ஒரு குறும்படத்தில் கதாநாயகிக்கு கடையில் வாங்கிய குர்தாதான். உடம்போடு அழகாகப் பொருந்தவேண்டும் என்றார்கள், தைக்க நேரமில்லை. முதுகுப்பக்கம் துணியை இழுத்து ஏழு ஊசி குத்தினேன். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை திரும்பக்கூடாது, குனியக்கூடாது, இருக்கக்கூடாது. பெரிய படங்களிலும் இந்த வேலை நடக்கிறது, அதைவிட நுணுக்கமாக. திரையில் வெள்ளையாகத் தெரியும் சட்டை பலவேளை சுத்த வெள்ளை இல்லை. வெளிச்சம் பட்டால் கமராவில் கூசும் என்று தேயிலைச் சாயத்தில் தோய்த்து மங்கலாக்கி வைத்திருப்பார்கள். மெல்லிய நெருக்கமான கோடுகள் கமராவில் அலைபோல ஆடும், அதனால் அவற்றைத் தவிர்ப்பார்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகும் நிறத்தைக் கணினியில் மாற்றுகிறார்கள். ஆகவே போனைக் கொண்டுபோய்த் துணிக்கடையில் நீட்டி "இதே கலர்" என்று கேட்பதில் பொருளில்லை. அந்தக் கலர் துணியில் இருந்ததே இல்லை.

இன்னொன்று, உடை வடிவமைப்பாளரின் வேலை அந்தப் பாத்திரம் யார் என்று உங்களுக்குச் சொல்வது. 1982-இல் வந்த 'காந்தி' படத்துக்காக பானு அத்தையா இந்தியாவின் முதல் ஒஸ்காரை வாங்கினார், அதுவும் உடை வடிவமைப்புக்கு. ஒரு மனிதர் சூட்டிலிருந்து கதருக்குப் போவதை உடுப்பாலேயே சொல்லிய படம் அது. நம் தொடர்களிலும் இதுதான், கொஞ்சம் சத்தமாக. கெட்ட மாமிக்குக் கனத்த நகையும் பளபளக்கும் கரையும், நல்ல மருமகளுக்கு வெளிர் நிறம். இரவு பத்து மணிக்குச் சமையலறையில் பட்டுச் சாறியோடு நிற்பது அந்த மாமியை அடையாளம் காட்டுவதற்காக. அந்தச் சாறியை நீங்கள் வாங்கினால் மாமியின் குணமும் கூடவே வரும், பார்ப்பவர் கண்ணில்.

அதனால் ஒன்று செய்யுங்கள். கதாநாயகியை விட்டுவிட்டு அவளுடைய அக்காவைப் பாருங்கள், பள்ளிக்கூட ரீச்சரைப் பாருங்கள், அலுவலகக் காட்சியில் பக்கத்து மேசையில் இருப்பவளைப் பாருங்கள். அவர்கள் உடுத்துவது பெரும்பாலும் கடையிலிருந்து எடுத்தது, மனிதர் உடுத்தி நடக்கக்கூடியது. பாட்டுக் காட்சிகளை ஒதுக்கிவிட்டு, அவர்கள் தேத்தண்ணி குடிக்கும் காட்சி, பஸ்ஸில் ஏறும் காட்சி, சண்டை பிடிக்கும் காட்சிகளில் நிறுத்திப் படம்பிடியுங்கள். பிடித்ததைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போனவுடன் வெட்டு தெரியும்: கழுத்து எவ்வளவு அகலம், கை எங்கே முடிகிறது, சட்டையின் கீழ் விளிம்பு இடுப்பிலா தொடையிலா முழங்காலிலா. இதே மூன்றையும் உங்கள் அலுமாரியில் அதிகம் உடுத்திப் பழசான சட்டையில் அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அந்த வெட்டை நம்பித் தைக்கலாம். அதிகம் விலகினால், அந்தப் படத்தை ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

அப்படியே முழுதாகப் பார்த்துச் செய்யலாகாதா என்றால், ஒரு இடத்தில் ஆகும். திரையில் வந்ததே சாதாரண உடுப்பாக இருந்தால். 2018-இல் வந்த '96' படத்தை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். திரிஷா மஞ்சள் குர்தாவும் நீல ஜீன்சும் போட்டுக்கொண்டு ஏறக்குறைய ஒரு இரவு முழுக்க நடப்பார். படம் வந்த பிறகு அந்த மஞ்சள் குர்தாவைக் கேட்டு என்னிடம் வந்தவர்கள் கொஞ்சமில்லை. வெட்டு எல்லோருக்கும் பொருந்தியதும் அதில் மட்டும்தான். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வேலைப்பாடு இல்லாத ஒற்றை நிறம். கடையில் கிடைக்கும் வெட்டு. ஜீன்ஸ் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதில் வேலை செய்தது நிறம் மட்டும், மஞ்சளிலும் ஒரு பழுத்த கடுகு மஞ்சள். அதிலும் நான் பிரித்துப் பார்த்தேன். கறுத்த பிள்ளைகளுக்கு அந்தக் கடுகு மஞ்சள் முகத்தைத் தூக்கிக் கொடுத்தது. மஞ்சளோடு எலுமிச்சைப் பச்சை கலந்த மாதிரித் துணியை மலிவாகக் கிடைத்தது என்று எடுத்து வந்தவர்களுக்கு, முகம் வருத்தக்காரர் முகம்போல் ஆனது. ஒரே பெயர், இரண்டு மஞ்சள். ஆகவே சாதாரண உடுப்பைப் பார்த்துச் செய்யும்போதும், துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் உங்கள் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கடைக்குள் எரியும் வெள்ளை லைட்டை நம்ப வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி அந்த 18,500 ரூபா. இதைப்பற்றி எழுதாமல் என்னால் விட முடியாது, ஏனென்றால் கிழமைக்கு ஒரு பிள்ளையாவது இதே கதையோடு வருகிறது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கியது. துணி வருவது சுலபமானது நல்லதுதான். அதோடு சேர்ந்து, கடையும் இல்லாமல் விலாசமும் இல்லாமல், ஒரு போனும் பத்துப் படமும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்பவர்களும் பெருகிவிட்டார்கள். அவர்கள் போடுவது படத்தின் காட்சியையே. சாறியின் படம் அவர்களிடம் இல்லை, ஏனென்றால் சாறியும் அவர்களிடம் இல்லை. உங்கள் காசு போன பிறகுதான் மலிவாக எங்கே கிடைக்கும் என்று தேடுவார்கள். பிந்தினால் "கஸ்டம்சில் நிக்குது, இன்னும் 3,000 போடுங்கோ" என்பார்கள். வந்தது வேறு என்று கேட்டால் போனைத் தூக்கமாட்டார்கள்.

நடிகையின் முகம் தெரியும் படத்தை வைத்து விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். சாறியை மட்டும், இன்றைய திகதி எழுதிய ஒரு தாளைப் பக்கத்தில் வைத்து, வெயிலில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையில் சாறி வைத்திருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை. முழுக்காசை முற்கூட்டி அனுப்பாதீர்கள். சட்டையென்றால் எம், எல் என்ற எழுத்தை ஏற்காமல் நெஞ்சளவையும் தோள் அகலத்தையும் அங்குலத்தில் கேளுங்கள். பட்டு என்று சொன்னால், சுத்தப் பட்டுக்கு இந்தியாவில் கொடுக்கும் சில்க் மார்க் சிட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால், சாறி கைக்கு வந்தபின் தலைப்பு ஓரத்திலிருந்து இரண்டு நூலை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு தலைமயிர் கருகும் மணம் வந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். பொலியெஸ்ரர் உருகிக் கட்டியாக நிற்கும். கலியாணச் சாமான் எடுக்க இந்தியாவுக்குக் கூட்டிப்போகிறோம் என்று வருபவர்களிலும் கவனம் வேண்டும். எந்தக் கடை என்று அவர்களே பிடிவாதமாகச் சொன்னால், அந்தக் கடை அவர்களுக்கு ஏதோ கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முறையிடலாமா என்று கேட்பீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். ஆனால் பில் இல்லை, கடை இல்லை, விற்றவரின் பெயர்கூட இரண்டு நாளில் மாறிவிடுகிறது. யாருக்கு எதிராக எழுதுவது? கடை வாசலில் தராசைப் பார்க்க ஆள் வருகிறது, போனுக்குள் இருக்கும் கடையை யார் பார்ப்பது? விழிப்பாக இருங்கள் என்று நமக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இருபத்தியேழு வயதுப் பிள்ளை ஒரு மாதம் உழைத்துச் சேர்த்த காசு அது, எனக்குப் பத்தி எரிகிறது. என்றாலும் நீங்கள் காசு அனுப்பிய வங்கிச் சீட்டையும் அவர்களோடு கதைத்த செய்திகளையும் அழிக்க வேண்டாம். மூன்று மாதம் தாண்டவில்லையென்றால் எழுதிப் போடுங்கள்.

சரி, கலியாணத்துக்கு வருவோம். படத்தில் சாறி கட்டுபவர் உயர்ந்த செருப்புப் போட்டிருப்பார், கொய்யகம், அதாவது முன்மடிப்பு, அந்த உயரத்துக்கு எடுத்தது. நாங்கள் கோவிலில் செருப்பைக் கழற்றுகிறோம். சென்ற வருடம் நல்லூர் வீதியில் ஒரு பிள்ளையைப் பார்த்தேன், படத்தில் வந்ததுபோல் நிலத்தைத் தொடக் கட்டிய ஷிஃபான். வெறுங்காலோடு நின்றபோது மூன்று அங்குலம் மணலில் இழுபட்டு, கரை முழுக்க ஈரமணல் ஏறியிருந்தது. ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே அர்ச்சனைத் தட்டை மற்றக் கையில் வைத்திருந்தார். தாலி கட்டு கோவிலிலா மண்டபத்திலா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கோவிலென்றால் வெறுங்காலோடு நின்றுதான், சாறியின் கீழ்க்கரைக்கு உள்ளே தைக்கும் ஃபோல்ஸ் பட்டியின் அளவையும் கொய்யக உயரத்தையும் பார்க்க வேண்டும். ஒர்கன்சாவும் வேண்டாம். வெயிலில் வேர்த்தால் குத்தும், இருந்து எழும்பினால் பப்படம்போல் மடங்கி நிற்கும். திரையில் இரண்டு நிமிடம் உடுத்துவதை நீங்கள் மாப்பிள்ளையின் அக்காவாக ஐந்து மணித்தியாலம் உடுத்தப் போகிறீர்கள், பந்தியும் பார்க்கப் போகிறீர்கள்.

உங்கள் ஒன்பது படங்களைத்தான் நான் நம்புகிறேன். மாதுளைத் தோல் நிறத்தில், மெல்லிய கரையுள்ள பட்டோ நல்ல கைத்தறியோ எடுங்கள். மருதமுனைக் கைத்தறியில் இந்த மங்கல் நிறங்கள் அழகாக வருகின்றன, விலையும் கழுத்தை நெரிக்காது. பிளவுஸை அகலக் கழுத்தோடு, கையை முழங்கைக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி முடியும்படி தைப்பியுங்கள். முதலில் மலிவான லைனிங் துணியில் ஒன்று மாதிரிக்குத் தைக்கச் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், நிலத்தில் சம்மணமிட்டு இருங்கள், குனிந்து ஒரு தட்டை எடுங்கள். அக்குளில் இழுத்தால் அங்கேயே சோக்கால் குறித்துக் கொடுங்கள். இதையெல்லாம் இந்த மாதமே செய்ய வேண்டும். நல்லூர்க் கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் இருபத்தைந்து நாளைக்கு யாழ்ப்பாணத்தில் எந்தத் தையற்காரரும் மாதிரிச் சட்டைக்கு நேரம் தரமாட்டார், என்னையும் சேர்த்து.