செல்வமகளா, ஸ்கூல் கடனா: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர், வாரச் சம்பளம். மகளுக்கு நான்கு வயது. எல்கேஜி ஃபீஸுக்காக 18 சதவீத வட்டியில் வாங்கிய கடனில் இன்னும் 40,000 ரூபாய் பாக்கி. மாதத் தவணை 4,500. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் மாதம் 3,000 கட்டுகிறோம். அதற்காகவே கணவர் ஞாயிறும் வேலைக்குப் போகிறார். வீட்டில் எப்போதும் காசுப் பேச்சு, எரிச்சல். போன வாரம் தண்ணீர் பாட்டில் மூடி உடைந்ததை மகள் சொல்லாமல் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். சேமிப்பை இன்னும் கூட்டலாமா?

பதில்: சகோதரி, கூட்ட வேண்டாம், குறையுங்கள். நீங்கள் எழுதியதில் என்னைக் கலங்க வைத்தது அந்த மூடிதான். நாற்பதாயிரம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஒரு பொருள் உடைந்தால் வீட்டில் சத்தம் வரும் என்பது தெரிந்துவிட்டது.

கணக்குப் போட்டாலும் குறைப்பதுதான் சரி. செல்வமகளில் 8.2 சதவீதம் வருகிறது, கடனுக்கு 18 சதவீதம் போகிறது. நிதியாண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே அந்தக் கணக்கு நடப்பில் இருக்கும். பதினைந்து வருடம் கட்டலாம், பின்னால் கூட்டிக்கொள்ளலாம். இப்போதைக்கு 3,000இல் பாதியைக் கடனுக்குத் திருப்புங்கள். மீதிப் பாதி வேண்டாம். அந்த அளவுக்கு அவர் ஞாயிறு வேலையைக் குறைத்துக்கொள்ளட்டும். மாதம் 6,000 கட்டினால் கடன் ஏறக்குறைய ஏழு மாதத்தில் முடியும். இப்போதைய தவணையில் பத்து மாதம் ஆகும். இடையில் கூடுதல் பணம் வாங்குவார்களா, அதற்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். வாங்கமாட்டார்கள் என்றால் தனியே சேர்த்து மொத்தமாக முடித்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டுச் சண்டை தவணைத் தேதியை ஒட்டித்தான் வரும் என்று நினைக்கிறேன். சம்பளம் வாரத்துக்கு, தவணை மாதத்துக்கு. பனியன் கம்பெனிக் குடும்பங்களில் இதை நிறையப் பார்க்கிறேன். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் 1,500ஐ வேறொரு வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். நான்கு சனியில் 6,000 ஆகிவிடும். ஐந்து சனி வரும் மாதத்தில் மிஞ்சுவதை, ஆர்டர் இல்லாத வாரத்துக்கு வையுங்கள். கடன் முடிந்தாலும் அந்த 1,500ஐ நிறுத்தாதீர்கள், அது யுகேஜி ஃபீஸ். டேர்ம் டேர்மாகக் கட்டலாமா என்று ஸ்கூலில் இப்போதே கேட்டுவையுங்கள்.

கடன் பேச்சை அவள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எதையாவது கேட்டால் "காசே இல்லை" என்று சொல்லாமல், "இந்த வாரம் இல்லடா, அடுத்த சனிக்கிழமை" என்று சொல்லுங்கள். சொன்னபடி வாங்கியும் கொடுங்கள். முதல் ஞாயிறு லீவு கிடைக்கும்போது அப்பாவே அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், அவளுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கித் தரட்டும்.