டிகிரி காபியும் புனித யோசபாத்தும்

கேள்வி: வேறு எந்த மதத்தின் கலப்படமும் இல்லாத மதம் உலகத்தில் எது? கிருத்துவம் 2000 ஆண்டுகளாகச் சுத்தமாக, அப்படியே இருக்கிறது என்று என் நண்பர் சாதிக்கிறார்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கலப்படம் பற்றிய கேள்வி கும்பகோணத்திலிருந்து வந்திருப்பதுதான் அழகு. உங்கள் ஊர் டிகிரி காபிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? பால்மானி விட்டு டிகிரி பார்த்த, தண்ணீர் சேராத பாலில் போடுவதால் வந்தது என்பது ஒரு கட்சி. சிக்கரிதான் வாய்க்கு வாய் மாறி டிகிரி ஆகிவிட்டது என்பது இன்னொரு கட்சி. அதாவது, சுத்தத்துக்கு வைத்த பெயரா, கலப்படத்துக்கு வைத்த பெயரா என்றே தெரியாத ஒன்றைத்தான் இத்தனை காலமாகப் பித்தளை டபராவில் ஆற்றிக் குடித்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறோம். நான் இரண்டாவது கட்சி. எங்கள் உதவி ஆசிரியர் முதல் கட்சி. சிக்கரி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார்.

காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கலாம் என்று நம் நாட்டு விதியே சொல்கிறது. எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டுவிட்டால் அதற்குப் பெயர் கலப்படம் இல்லை, கலவை. மதங்கள் பாக்கெட்டில் அச்சிடுவதில்லை.

சரி, கொட்டையாவது சுத்தமா? ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் தூக்கம் வராமல் இருக்கக் குடித்த பானம் அது. அந்நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதையை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றியவர் பாபா புதன் என்ற சூஃபி என்பார்கள். அந்த மலைக்குகை தர்காவா, தத்தாத்ரேயர் பீடமா என்று கோர்ட் வரை போயாகிவிட்டது.

கேள்விக்கு வரும் முன் எழுத்துப் பிழை. 'கிருத்துவம்' என்று எழுதாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! கிறிஸ்து, கிறிஸ்தவம். உதவி ஆசிரியர் (சிக்கரி விரோதிதான்) அதைக் 'கிறித்தவம்' ஆக்குவார். அச்சுக்குப் போகும் முன் நான் 'ஸ்' போட்டுவிடுவேன். பதினோரு வருட யுத்தம். ஓர் எழுத்துக்கா இத்தனை சண்டை என்று சிரிப்பவர்களுக்குத்தான் இந்தக் கதை. ஒரே ஒரு புள்ளி கூடிப்போனதில் புத்தர் கிறிஸ்தவப் புனிதர் ஆனார்.

ஐரோப்பா பல நூறு ஆண்டுகள் விரும்பிப் படித்த கதை அது. இந்தியாவில் அபென்னர் என்று ஓர் அரசன். கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. அவனுக்குப் பிறக்கும் மகன் யோசபாத். இவன் கிறிஸ்தவனாகப் போகிறான் என்று ஜோசியர் சொல்லிவிட, மூப்பு, நோய், சாவு எதுவும் கண்ணில் படாதபடி மாளிகைக்குள்ளேயே வைத்து வளர்க்கிறான் அரசன். ஒருநாள் பையன் வெளியே போகிறான். நோயாளியைப் பார்க்கிறான், தள்ளாத கிழவரைப் பார்க்கிறான்... மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். போதி மரம் மட்டும் இல்லை. பதிலாக, ரத்தின வியாபாரி வேஷத்தில் பர்லாம் என்ற துறவி வந்து ஞானஸ்நானம் கொடுக்கிறார்.

போதிசத்துவர் (ஞானம் பெறும் முன் புத்தருக்கு அதுதான் பெயர்), பாரசீகம் வழியாக அரபிக்குப் போனபோது 'பூதாசஃப்' ஆனார். அரபியில் சொல்லின் முதலில் ப-வுக்கும் ய-வுக்கும் உருவம் ஒன்றுதான். கீழே ஒரு புள்ளி என்றால் ப, இரண்டு என்றால் ய. பிரதி எடுத்த எவரோ ஒரு புள்ளியைக் கூடுதலாக வைக்க, பூதாசஃப் 'யூதாசஃப்' ஆகிவிட்டார். ஜார்ஜியர்கள் அந்தப் பெயரோடு கதையை வாங்கி அதற்குக் கிறிஸ்தவ அங்கி மாட்டினார்கள். 1000-ஆம் ஆண்டை ஒட்டி கிரீஸின் ஆதோஸ் மலை மடத்தில் எவுதிமியுஸ் என்ற ஜார்ஜியத் துறவி அதைக் கிரேக்கத்தில் எழுதினார். 1048-இல் லத்தீன். அப்புறம் ஐரோப்பாவில் அது போகாத மொழி இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் ரோமின் புனிதர் பட்டியலில் நவம்பர் 27 பர்லாம், யோசபாத் இருவருக்கும் உரிய நாளாக ஏறிவிட்டது. எங்கள் உதவி ஆசிரியர் மாதிரி ஒருவர் அன்றைக்குப் பாக்தாதில் மெய்ப்புப் பார்த்திருந்தால் யோசபாத் என்ற பெயரே பிறந்திருக்காது.

இதே கதையை முஸ்லிம்கள் தங்கள் கதையாகச் சொன்னார்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் ஒரு யூதர் ஹீப்ருவில் எழுதினார். கதைக்குள் இருக்கும் குட்டிக் கதை இன்னும் பழசு. கிணற்றுக்குள் கொடியைப் பிடித்துத் தொங்குகிறான் ஒருவன். மேலே யானை, கீழே பாம்பு. கொடியை எலிகள் கடித்துக்கொண்டிருக்கின்றன. அவனோ தேன்கூட்டிலிருந்து சொட்டும் தேனை நாக்கை நீட்டி நக்குகிறான். மகாபாரதத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்குச் சொன்னது. சமணர்களும் சொன்னார்கள், பௌத்தர்களும் சொன்னார்கள். கிரேக்கத்துக்குப் போனதும் யானை இருந்த இடத்தில் ஒற்றைக்கொம்பு மிருகம் வந்துவிட்டது. இத்தாலியில் பார்மா நகரத்து ஞானஸ்நானக் கூடத்தின் வாசலுக்கு மேல் இந்தக் காட்சியைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே கிணறும் போய், பையன் மரத்தில் இருக்கிறான். தேன் மட்டும் எங்கேயும் மாறவில்லை.

பௌத்தர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். காந்தாரத்துப் புத்தர் சிலைகளின் அங்கி மடிப்பைப் பார்த்தால் கிரேக்கச் சிற்பியின் சொந்தக்காரர் செய்தது போலத்தான் இருக்கும்.

கலந்தவர்கள் எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1560-இல் போர்த்துகீசியப் படை யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது, புத்தரின் பல் என்று சொல்லப்பட்ட ஒன்றைக் கோவாவுக்கு எடுத்துப் போனது. பர்மாவின் பெகு நாட்டு அரசர் அதற்குப் பெரும் பணம் தரத் தயாராக இருந்தார். பேராயர் ஒப்பவில்லை. உரலில் இட்டு இடித்து, நெருப்பில் போட்டு, சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டார்கள். (உண்மையான பல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்பது கண்டிக்காரர்கள் கட்சி.) பதினோரு வருடம் கழித்து, 1571-இல், வெனிஸ் நகரத் தலைவர் போர்த்துகல் அரசர் செபஸ்தியானுக்கு ஒரு காணிக்கை தருகிறார். பயபக்தியோடு வாங்கிக்கொள்கிறார் அரசர். என்ன காணிக்கை? புனித யோசபாத்தின் எலும்பு!

கோவாவில் பல்லை இடித்ததை எழுதிவைத்த வரலாற்றாசிரியர் தியோகோ டோ கூட்டோவுக்கு நல்ல கண். யோசபாத் கதையும் புத்தர் கதையும் ஒன்றாக இருக்கிறதே என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்: இவர்கள் புத்தர் என்று கும்பிடுவது நம் யோசபாத்தைத்தான் போலிருக்கிறது!

உங்கள் நண்பருக்கு ஒரு வரி. அவருடைய வேதத்தின் பெரிய பாகம் யூதர்களுடையது. இயேசு பேசியது அரமேயம், சுவிசேஷங்கள் எழுதப்பட்டது கிரேக்கத்தில். 'அப்படியே' என்பதை எந்த இடத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

1591-இல் யேசு சபையார் ஜப்பானில் அச்சகம் வைத்து, ஜப்பானிய மொழியில் புனிதர் கதைகளை அச்சிட்டார்கள். ஊருக்கு ஊர் புத்தர் கோயில் இருக்கும் தேசம். அந்தப் புத்தகத்தில் பர்லாமும் இருக்கிறார், யோசபாத்தும் இருக்கிறார். படிக்கக் கேட்டவர்களில் ஒரு கிழவராவது, 'இந்தப் பையனை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே' என்று தலையைச் சொறிந்திருக்க மாட்டாரா?

(அச்சுக்குப் போகும் முன்: இந்தப் பதிலில் உதவி ஆசிரியர் எல்லா இடத்திலும் 'ஸ்'-ஐ எடுத்திருந்தார். திரும்பப் போட்டுவிட்டேன்.)