வயிற்றுக்குள் ட்ரோக்காரை விட்டுவிட்டார்களா?

கேள்வி: எனக்கு வயது 46. பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி முறையில் (சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு) அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியில், 'தொப்புளில் 10 மி.மீ. ட்ரோக்கார் செலுத்தப்பட்டது, மேல்வயிற்றில் 10 மி.மீ., வலப்பக்கம் 5 மி.மீ. இரண்டு' என்று எழுதியிருக்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் 'கூர்முனை கொண்ட துளைக்கருவி' என்று இருக்கிறது. அதை உள்ளேயே வைத்துவிட்டார்களா? தொப்புளுக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது.

பதில்: உங்கள் வயிற்றில் ட்ரோக்கார் எதுவும் இல்லை. அதன் கூர்முனை உங்கள் உடலுக்குள் இருந்ததே சில விநாடிகள்தான். 'செலுத்தப்பட்டது' என்று எழுதியவர், 'பிறகு எடுக்கப்பட்டது' என்றும் ஒரு வரி சேர்த்திருந்தால் உங்களுக்கு இந்தக் கலக்கம் வந்திருக்காது. நாங்கள் சம்மரி எழுதுவது பெரும்பாலும் இன்னொரு மருத்துவருக்காக. நோயாளியும் அதை வரிவரியாகப் படிப்பார் என்பது எங்களுக்கு அடிக்கடி மறந்துபோகிறது.

அகராதி சொன்னது பிழையில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறது. ட்ரோக்கார் என்பது பிரெஞ்சுச் சொல். 'மூன்று பக்கம்' என்று பொருள்படும் இரண்டு சொற்கள் ஒட்டி உருவானது. பழைய ட்ரோக்காரின் முனை மூன்று பட்டைகளாகச் சீவிய கூம்புபோல இருக்கும், அதனால் அந்தப் பெயர். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டவர்களுக்கு அதை வடிப்பதற்கே முற்காலத்தில் இது பயன்பட்டது. கூர்க்கம்பியின் மேல் ஒரு குழாயை உறைபோல மாட்டி, இரண்டையும் சேர்த்துக் குத்துவார்கள். கம்பியை உருவிவிட்டால் குழாய் வழியே நீர் வடியும். குழாயின் பெயர் கேனுலா. இலத்தீனில் 'சிறு நாணல்' என்று பொருள். முறைப்படி கம்பிதான் ட்ரோக்கார், குழாய் கேனுலா. ஆனால் அறுவை அரங்கில் இரண்டுக்கும் சேர்த்தே ட்ரோக்கார் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கம்பியை எடுத்த பிறகு வெறும் குழாய் நிற்கும்போதும் அதே பெயர்தான். உங்கள் குழப்பத்தில் எங்கள் வாய்ப்பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

லேப்ராஸ்கோப்பியில் இந்தக் குழாய்தான் வாசல். கேமராவும் கருவிகளும் இதன் வழியாகவே உள்ளே போய் வருகின்றன. முதலில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி, வயிற்றுச் சுவரைக் குடலிலிருந்து தூக்கி நிறுத்துகிறோம். அழுத்தம் பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். அந்த வாயு வெளியேறிவிடாதபடி குழாயின் தலைப்பில் ஒரு தடுக்கிதழ் (வால்வு) இருக்கும்.

செலுத்தும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ட்ரோக்காரின் தலை உள்ளங்கையில் பதிந்திருக்கும். ஆள்காட்டி விரலைத் தண்டின் மேல் நீட்டி வைத்துக்கொள்வோம், தேவைக்கு மேல் உள்ளே பாய்ந்துவிடாமல் அந்த விரல்தான் தடுப்பு. இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே அழுத்தும்போது, ஓரிடத்தில் தடை சட்டென்று விட்டுப்போவது கைக்குத் தெரியும். வால்வைத் திறந்தால் 'உஸ்' என்று வாயு வரும். சரியான இடத்தில் இருக்கிறோம் என்பதற்கு அது ஓர் அடையாளம். முதல் ட்ரோக்காரைச் செலுத்தும்போது உள்ளே கேமரா இருக்காது. அதனால்தான் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்தக் கணத்தில் யாரும் பேச்சுக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. சிலர் தொப்புளருகே சிறிதாகக் கீறி, கண்ணால் பார்த்தே மழுங்கல் முனைக் கருவியை நுழைப்பார்கள். அதற்கு ஹாசன் முறை என்று பெயர். மற்ற ட்ரோக்கார்கள் எல்லாம் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே வருகின்றன. இப்போது கத்திமுனை இல்லாமல், தசை இழைகளை வெட்டாது விலக்கிக்கொண்டு போகும் ட்ரோக்கார்களும் பரவலாக இருக்கின்றன.

10, 5 என்பவை தழும்பின் நீளம் அல்ல. குழாய்க்குள் எவ்வளவு தடிமனான கருவி நுழையும் என்பதைக் குறிக்கும் எண்கள் அவை. தழும்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

இனி அந்தப் பட்டாணிக்கு வருவோம். 5 மி.மீ. துளைகளில் பெரும்பாலும் தோலை மட்டும் மூடினால் போதும். தொப்புளில் இருப்பது போன்ற 10 மி.மீ. துளைக்குத் தோலுக்கு அடியிலுள்ள உறுதியான சவ்வையும் தைப்பது வழக்கம். அந்தத் தையலின் முடிச்சும் அதைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசுவும் மூன்றாவது வாரத்தில் கெட்டியாகத் தட்டுப்படுவது சாதாரணம். சில மாதங்களில் இளகிவிடும். தொட்டுத் தொட்டுப் பார்க்காமல் இருந்தால் நல்லது.

ஆனாலும் நான் தொட்டுப் பார்க்காமல் எழுதும் பதில் இது. நின்றுகொண்டு இருமிப் பாருங்கள். கட்டி புடைத்து, படுத்தால் உள்ளே அமுங்கினால், தையலிட்ட இடத்தில் குடலிறக்கம் தொடங்குகிறதா என்று உங்கள் சர்ஜன் பார்க்க வேண்டும். சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, வாரக்கணக்கில் ஆறாமல் நீர் கசிந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். புடைப்பு அமுங்காமல் கடுமையாக வலித்து வாந்தியும் எடுத்தால் அது அவசரம், அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இவை எதுவும் இல்லையென்றால், கனமான பொருளை எப்போதிலிருந்து தூக்கலாம் என்பதை மட்டும் அடுத்த முறை உங்கள் சர்ஜனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.