கேளுங்க, பேசுவோம்: ஏலி தப்பா நெனச்ச அந்தம்மா

இந்த மாசம் வந்ததுல மூணு கடிதம் நம்ம கொடைக்கானல் மலைலருந்து, மூணும் வேதமா அனுபவமாங்கற ஒரே விஷயத்தத்தான் சுத்துது, அதனால ஒண்ணா எடுத்துக்கிட்டேன். பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க, ஊர் மட்டும் போடுறேன்.

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். போன வருஷம் பூண்டு எடுக்குற நேரத்துல என் வீட்டுக்காரர திண்டுக்கல்ல ஆஸ்பத்திரில சேத்திருந்தோம். புள்ளைங்கள பாக்க ஒரு ராத்திரி மட்டும் நான் மேல வந்தேன், தூக்கம் வரல, பூண்டு கட்டித் தொங்கவிட்டிருந்த ரூம்ல உக்காந்து அழுதுட்டே இருந்தேன், ஜெபம் பண்ணக்கூட வார்த்தை வரல. அப்ப யாரோ பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. பயமே இல்ல, விடியற வரைக்கும் அப்படியொரு அமைதி. நாலு நாள் கழிச்சு என் வீட்டுக்காரர் தவறிட்டார். இத எங்க சபை ஐயர்கிட்ட சொன்னேன், "சாத்தானும் ஒளியின் தூதன் வேஷம் போடுவாம்மா, உணர்ச்சிய நம்பாத, வேதத்த மட்டும் நம்பு"ன்னுட்டார். வேற சபைக்குப் போற என் நாத்தனா, "அண்ணி, அதுதான் நெஜமான சந்திப்பு, உங்க சபைல வெறும் புஸ்தகம்தான இருக்கு"ங்கறா. யார் சொல்றது சரி?
- வாசகி, மன்னவனூர்

பதில்: தங்கச்சி, கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன், உடனே பதில் எழுத முடியல. புள்ளைங்கள வச்சுக்கிட்டு இந்த ஒரு வருஷத்த எப்படித் தள்ளுனீங்களோ.

ஐயர் சொன்ன வசனம் இருக்கத்தான் செய்யுது, 2 கொரிந்தியர் 11:14. ஆனா பவுல் அத யாரப் பத்தி எழுதுனார்னு அதுக்கு முந்தின வசனத்துலயே இருக்கு, அப்போஸ்தலர்னு சொல்லிக்கிட்டு சபைக்குள்ள வந்த கள்ள ஆளுங்கள பத்தி. கொஞ்சம் தள்ளி 20ஆம் வசனத்துல அவங்க சபைய ஆட்டிவச்சு சுரண்டித் தின்ன கதையும் வருது. புருஷன ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்து பூண்டு ரூம்ல அழுத பொம்பளைக்கு அந்த வசனத்த எடுத்து நீட்டுறது வேதத்த மட்டும் நம்புறது ஆகாது, வேதத்த பாதி படிச்சது. இத தைரியமா சொல்றேன், ஏன்னா சண்டே கிளாஸ் நடத்துன காலத்துல நானும் இதே மாதிரி நாலு பேர் வாய அடைச்சிருக்கேன்.

1 சாமுவேல் முதல் அதிகாரத்த எடுங்க. புள்ளையில்லாத அன்னாள் ஆலயத்துல நின்னு அழுறா, உதடு மட்டும் அசையுது, சத்தம் வரல. ஆசாரியன் ஏலி பாத்துட்டு குடிச்சிருக்கான்னு நெனச்சுட்டார்! நியாயப்பிரமாணமெல்லாம் தெரிஞ்ச மனுஷன், ஆனா எதுத்தாப்ல நடக்குற ஜெபம் தெரியல. அந்தம்மா ஓடிப்போகல, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீன்னு நின்னு சொல்லுச்சு, அவரும் உடனே மாத்திக்கிட்டு சமாதானத்தோட போன்னார். அடுத்த வசனத்த கவனிங்க, அப்புறம் அவ துக்கமுகமா இருக்கலன்னு இருக்கு. புள்ள பொறக்கல, ஒண்ணுமே மாறல, முகம் மட்டும் மாறிடுச்சு. உங்க ராத்திரியும் எனக்கு அப்படித்தான் படுது. அந்த அமைதி உங்க வீட்டுக்காரர் பிழைப்பார்னு வாக்கு குடுத்துச்சா? நீங்க அப்படி எழுதல. அப்ப அவர் போனதால அது பொய் ஆகவும் இல்ல.

இப்ப நாத்தனாருக்கு. வெறும் புஸ்தகம்னு சொல்றாங்கள்ல, அவங்கள அதே சாமுவேல் புஸ்தகம் 3ஆம் அதிகாரம் படிக்கச் சொல்லுங்க. சின்னப் பையன் சாமுவேல கர்த்தர் பேர் சொல்லிக் கூப்பிடுறார், இதவிட நேரான அனுபவம் எங்க இருக்கு? பையன் மூணு தடவையும் ஏலிகிட்ட ஓடுறான். கூப்பிடுறது யாருன்னு அவனுக்குத் தெரியல, அவன் கர்த்தர இன்னும் அறியாதிருந்தான்னே எழுதியிருக்கு. கண்ணு மங்கிப்போன அதே கிழவர்தான், குடிகாரின்னு தப்பா நெனச்ச அதே ஆள்தான், இது கர்த்தருடா தம்பி, போய்ப் படு, மறுபடி கூப்பிட்டா "சொல்லும், அடியேன் கேட்கிறேன்"னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்தார். காது பையனுக்கு இருந்துச்சு, அந்தக் குரலுக்குப் பேர் வைக்கத் தெரிஞ்சது கிழவருக்கு. ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ படுத்திருந்ததாலதான் அது நடந்துச்சு. எனக்கு வேதமும் அனுபவமும் அப்படி ஒரு வீட்டுக்காரங்கதான், உங்க ஐயரும் நாத்தனாவும் ஆளுக்கு ஒருத்தர வெளிய அனுப்பப் பாக்குறாங்க.

யாரோ பக்கத்துல வந்து உக்காந்த மாதிரின்னு எழுதுனீங்க. சங்கீதம் 34:18ல, நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கார்னு இருக்கு. அதே வசனத்துக்கு பத்து வசனம் முன்னாடிதான் கர்த்தர் நல்லவர்னு ருசிச்சுப் பாக்கச் சொல்லுது. ருசி பாக்கச் சொல்றதே புஸ்தகம்தான்.

இன்னொண்ணு. பாஸ்கல்னு பிரான்ஸ்ல ஒரு கணக்கு மேதை, 1654 நவம்பர் 23 ராத்திரி பத்தரை மணிலருந்து பன்னிரண்டரை வரைக்கும் அவருக்கு ஒரு அனுபவம். நெருப்புன்னு ஒரே வார்த்தை எழுதி, அதுக்குக் கீழ ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன், தத்துவக்காரங்களோட தேவன் இல்லன்னு எழுதுனார். கோட்டு உள்துணில வச்சுத் தைச்சுக்கிட்டார், 1662ல அவர் இறந்தப்புறம்தான் அது வெளிய வந்துச்சு. அவ்ளோ பெரிய மூளைக்கும் அந்த ராத்திரிய சொல்ல வேதத்துல மோசே கேட்ட வார்த்தைதான் கெடச்சுச்சு பாத்தீங்களா. நீங்களும் தேதி போட்டு எழுதி, அந்த சங்கீதப் பக்கத்துல வச்சுக்கங்க. எல்லார்கிட்டயும் சொல்லணும்னு கட்டாயமில்ல. ஐயர்கிட்ட முடிஞ்சா இன்னொரு தடவ பேசுங்க, ஏலி மாத்திக்கிட்டார்ல.

கேள்வி: எங்க அண்ணன் தனியா ஊழியம் ஆரம்பிச்சிருக்கார். தரிசனத்துல கர்த்தர் பேசினாராம், என் பங்கு காப்பித் தோட்டத்த ஊழியத்துக்கு எழுதிக் குடுக்கணுமாம், குடுக்கலன்னா சாபமாம். பயமா இருக்கு.
- வாசகர், தாண்டிக்குடி

பதில்: எழுதிக் குடுக்காதீங்க தம்பி.

சாமுவேலுக்கு வந்த வார்த்தைல அவனுக்கு ஒரு காசு லாபமில்ல, சொல்லவே பயந்துக்கிட்டு விடியற வரைக்கும் படுத்திருந்தான். உங்க அண்ணனுக்கு வந்த வார்த்தைல அவருக்கு தோட்டமும் மிளகுக் கொடியும் கெடைக்குது. 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரம் படிங்க, ஒரு கிழட்டுத் தீர்க்கதரிசி தூதன் என்கிட்ட சொன்னான்னு பொய் சொல்லி இன்னொரு தேவமனுஷன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான், நம்பிப் போனவன சிங்கம் அடிச்சுக் கொல்லுது. உங்களுக்குன்னு கர்த்தர் ஒண்ணு சொல்லணும்னா உங்க அட்ரஸ் அவருக்குத் தெரியும். பாட்டன் பூட்டன் சொத்த கேட்டது ராஜாவா இருந்தும் வேதத்துல வர்ற நாபோத் குடுக்கல, அவன வேதம் குத்தம் சொல்லவும் இல்ல.

தரிசனமே பொய்ங்கல நான். கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்கு ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குப் போயிருப்பீங்க. அந்தப் பேரே 1846ல பிரான்ஸ்ல ஒரு மலைல மாடு மேச்ச ரெண்டு புள்ளைங்க மாதாவ பாத்தோம்னு சொன்னதுலருந்து வந்தது. பிஷப் உடனே சரின்னுட்டாரா? அஞ்சு வருஷம் விசாரிச்சு 1851லதான் ஒத்துக்கிட்டார். ஒத்துக்கிட்ட காட்சியக்கூட நம்பியே ஆகணும்னு கத்தோலிக்க சபை யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல. நான் அந்த சபை இல்ல, ஆனா இந்த நிதானம் எனக்குப் புடிக்கும். உங்க அண்ணன் ஒரு வாரம்கூட டைம் குடுக்கலியே.

கேள்வி: 40 வருஷமா வேதம் வாசிக்கிறேன். ஒரு தரிசனமில்ல, சத்தமில்ல, கண்ணீர்கூட வந்ததில்ல. சாட்சி சொல்லக் கூப்பிட்டா கடைசி பெஞ்சுல ஒளிஞ்சுக்குவேன். இப்ப கண்ணும் மங்கிடுச்சு, பேத்திதான் துணை. வாசிக்கறத நிறுத்திடலாமா?
- வாசகர், பூம்பாறை

பதில்: அண்ணே, உங்களுக்கு அனுபவம் இல்லன்னு நான் ஒத்துக்க மாட்டேன், 40 வருஷம் ஒரு ஆள் காரணமில்லாம ஒரு புஸ்தகத்த திறக்க மாட்டான். அன்னை தெரசா 1997ல இறந்தாங்க, 2007ல அவங்க கடிதங்கள் வெளிவந்தப்பதான் ஏறக்குறைய 50 வருஷம் உள்ளுக்குள்ள வறட்சியாவே இருந்தாங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சது. இயேசு உயிர்த்தெழுந்த அன்னைக்கு எம்மாவு ஊருக்கு நடந்த ரெண்டு சீஷரும், கூட வர்றது இயேசுன்னு தெரியாம, வழி முழுக்க அவர் வேதத்த விளக்கறத கேட்டுட்டே போனாங்க, அப்ப ஒண்ணும் தெரியல, அவர் அப்பத்தப் பிட்டு மறைஞ்சப்புறம்தான் நம்ம இருதயம் கொழுந்துவிட்டு எரியலயான்னு கேட்டுக்கிட்டாங்க.

நிறுத்தாதீங்க. பேத்திய பக்கத்துல உக்காரவச்சு சத்தமா படிக்கச் சொல்லுங்க, 1 சாமுவேல் மூணுலருந்தே ஆரம்பிக்கட்டும், கண்ணு மங்குன பெரியவரும் சின்னப் புள்ளையும்தான அதுலயும். படிச்சு முடிச்சதும் உனக்கு என்ன தோணுச்சும்மான்னு கேட்டுட்டு, அது சொன்னத எனக்கு எழுதிப் போடுங்க.